பிள்ளைகளுடன் யார்?

என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. பெரியவளின் பள்ளிக்கூடத்துக்கு வாங்கியதில் மிஞ்சியது. ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேல் வைத்து ஐந்து கட்டமாகப் பிரித்திருக்கிறேன். தேதி, ஓடிய தூரம், எடுத்த நேரம், முந்தைய இரவு தூங்கிய மணி. ஐந்தாவது கட்டத்தின் தலைப்பு ‘பிள்ளைகளுடன்’. நான் வெளியே ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் என் இரண்டு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை அதில் எழுதுவேன்.

மராத்தானுக்குத் தயாராகிறவர்கள் கையில் கடிகாரம் கட்டி, போனில் செயலி வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். வேகம், இதயத் துடிப்பு, ஏறிய மேடு எல்லாம் அதில் வரும். நான் பார்த்த எந்தச் செயலியிலும் இந்த ஐந்தாவது கட்டம் கிடையாது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டிலிருந்து ஒருத்தி ஓடக் கிளம்பும்போது முதலில் நிரம்ப வேண்டிய கட்டம் அதுதான். அது காலியாக இருந்தால் மற்ற நான்கையும் எழுதுவதற்கு வேலையே இல்லை.

2023 செப்டம்பர் நடுவில் தொடங்கி, 2024 ஜனவரி முதல் வாரத்தில் நடந்த சென்னை மராத்தான் வரை பதினாறு வாரம். பந்தயத்தைச் சேர்க்காமல் நோட்டைக் கூட்டினால் 461 கிலோமீட்டர் வருகிறது. அதில் 212 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்வரை என் வீட்டுக்காரர் பிள்ளைகளோடு இருந்தார். 171 கிலோமீட்டர் அத்தை. 19 கிலோமீட்டர் கீழ் வீட்டு அக்கா. மீதி 59 மொட்டை மாடியில், பிள்ளைகளையும் கூடவே வைத்துக்கொண்டு. ‘எப்படித்தான் நேரம் கிடைக்குது உனக்கு?’ என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்கிறேன். நேரம் எனக்குக் கிடைக்கவில்லை. யாரோ கொடுத்தார்கள்.

நாங்கள் மந்தைவெளியில் இருக்கிறோம். நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். காலை ஆறரைக்குக் கதவு திறக்க வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்தவர்கள் ஆறு மணியிலிருந்தே படியில் உட்கார்ந்திருப்பார்கள். மதியம் மூன்று மணிக்கு வீடு திரும்புவேன். ஞாயிறு விடுமுறை. என் வீட்டுக்காரர் மாநகரப் பேருந்தில் நடத்துநர். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறு வாரம் மதிய ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் என்றால் மூன்றரை மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். பெரியவளுக்கு அப்போது ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. அவருடைய அம்மா எங்களோடு இருக்கிறார். அத்தைக்கு 61 வயது, இரண்டு முட்டியிலும் வலி.

மராத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பம் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அந்தத் தூரத்தையே 1921-இல் உலகத்துக்கெல்லாம் அளவாக வைத்துவிட்டார்கள். முதன்முறை ஓடுகிறவர்களுக்கான பயிற்சி அட்டவணை பெரும்பாலும் நாலைந்து மாதத்துக்கு இருக்கும். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம். அதில் மூன்று சின்னவை, ஞாயிற்றுக்கிழமை ஒன்று மட்டும் நீளம். அந்த நீள ஓட்டம் 12, 14, 16 என்று வாரத்துக்கு வாரம் ஏறி, 30 வரை போகும். கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்து, உடம்பை ஆறவிட வேண்டும். ஓடுகிற தூரத்தில் பெரும்பகுதியைப் பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகிற வேகத்தில்தான் ஓட வேண்டும். மூச்சு வாங்கி வார்த்தை அறுந்தால் வேகம் அதிகம் என்று பொருள்.

நீள ஓட்டம் எதற்கு என்பதை என் தொழில் வழியாகவே சொல்கிறேன். சாப்பிடும் மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவத்தில் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிறது. ஓர் ஆளிடம் சுமார் 400 முதல் 500 கிராம் இருக்கும். அதிலிருந்து வருவது கிட்டத்தட்ட 2,000 கலோரி. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, உடம்பின் எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி என்ற கணக்கில் செலவாகும். நான் 58 கிலோ. 42 கிலோமீட்டருக்கு 2,400-க்கு மேல் வேண்டும். கணக்கு இடிக்கிறது. 30, 32-ஆவது கிலோமீட்டரில் நல்ல ஓட்டக்காரர்களே கால் நகராமல் நின்றுபோவது இதனால்தான். அதைச் ‘சுவர்’ என்கிறார்கள். நீளமாக ஓடி ஓடிப் பழகினால் உடம்பு கொழுப்பையும் கூடுதலாகச் சேர்த்து எரிக்கக் கற்றுக்கொள்கிறது. அதோடு, ஓடும்போதே சாப்பிடவும் வயிற்றைப் பழக்க வேண்டும். மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும் என்பார்கள். கடையில் இதற்கென்றே ஜெல் பாக்கெட் விற்கிறது. நான் விதை நீக்கிய பேரீச்சம்பழமும், உப்புத் தூவி அவித்த உருளைக்கிழங்குத் துண்டும், ஓ.ஆர்.எஸ். கரைத்த தண்ணீரும் கொண்டு போனேன். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டே ஓடக் கூடாது. ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். அதிகம் இறங்கினால் குழப்பம், வலிப்பு வரை போகும். வயதானவர்களின் ரிப்போர்ட்டில் சோடியம் மிகக் குறைவாக, 120 என்று வந்து, டாக்டருக்கு ஓடிப்போய்ப் போன் செய்த அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே இந்த விஷயத்தில் எனக்குப் பயம் அதிகம்.

அட்டவணையை அச்செடுத்து வந்து, சமையலறைச் சுவரில் அவருடைய டூட்டி விவரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இரண்டையும் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, அட்டவணை கேட்கிற தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் என்னால் முடியும் என்று. அதனால் ஒரு முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தை விடுவதில்லை. மற்ற மூன்றும் அந்தந்த வாரத்தின் பாடு.

மதிய ஷிஃப்ட் வாரங்களில் அவர் இரவு பதினொன்றரைக்கு வந்து படுப்பார். நான் நாலு மணிக்கு எழுந்து, ஒரு டம்ளர் கடுங்காப்பி குடித்துவிட்டு, நாலரைக்குத் தெருவில் இருப்பேன். ஏழு கிலோமீட்டர் ஓடிவிட்டு ஐந்தரைக்குத் திரும்பினால்தான் லேபுக்குப் போக முடியும். சின்னவன் ஐந்து மணிக்கு விழித்து, கண்ணைத் திறக்காமலே கையால் பாயைத் தடவுவான். நான் அங்கே இருக்க மாட்டேன். அழத் தொடங்கியதும் அவர் எழுந்து, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடப்பார். ஐந்தரை மணி நேரம்கூடத் தூங்காத மனிதர். இதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவரும் சொல்லவில்லை. அக்டோபரில் ஒருநாள் அத்தை சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்குத்தான் நோட்டில் ஐந்தாவது கட்டத்தைப் போட்டேன். அதற்கு முன்னால் ஓடியதையும் யோசித்து யோசித்துப் பின்னோக்கி நிரப்பினேன்.

காலை ஷிஃப்ட் வாரத்தில் வீட்டில் அத்தை மட்டும். “நீ போய்ட்டு வாம்மா, நான் இருக்கேன்ல” என்பார். 12 கிலோ பையனைத் தூக்க அவரால் முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்த வாரங்களில் அதிகாலையில் ஒரு நாள் மட்டும் வெளியே போவேன். அதற்கு முந்தைய இரவு பால், ஃபிளாஸ்க்கில் வெந்நீர், மாற்று டிராயர் எல்லாம் அத்தை குனியாமல் எடுக்கிற உயரத்தில் வைத்துவிட்டுப் படுப்பேன். மற்ற நாட்களில் மாலை, மொட்டை மாடி.

எங்கள் மாடியைத் தையல் டேப்பால் அளந்தேன். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்தால் ஒரு சுற்று 41 மீட்டர். நாலு கிலோமீட்டருக்கு 98 சுற்று. பெரியவள் சாக்பீஸோடு கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து, பத்துச் சுற்றுக்கு ஒரு கோடு போடுவாள். கோடு போட்டதும் “திரும்பும்மா” என்று கத்துவாள். ஒரே பக்கமாக வளைந்து வளைந்து ஓடினால் உள்பக்கக் கணுக்காலும் இடுப்பும் வலிக்கும்; அதனால் பத்துக்கு ஒருமுறை திசை மாற்ற வேண்டும் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். சின்னவன் குறுக்கே வந்து இரண்டு கையையும் விரித்து நிற்பான். தூக்கிக்கொண்டு ஒரு சுற்று, இறக்கிவிட்டு இரண்டு சுற்று. மேலை நாடுகளில் பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே ஓட மூன்று சக்கர வண்டி இருக்கிறது. மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்டிருந்த எங்கள் பக்கத்துச் சாலைகளில் நான் ஒருத்தி ஓடுவதே பெரும்பாடு.

இந்த ஓட்டமெல்லாம் எங்கிருந்து தொடங்கியது என்று சொல்ல வேண்டும். சின்னவன் பிறந்து ஏழாம் மாதம், வேலைக்குத் திரும்பிய புதிதில், படியேறினால் மூச்சு வாங்கியது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். தினமும் நாற்பது பேர் ரத்தத்தைச் சோதிக்கிறவள், என் ரத்தத்தை எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கூட வேலை செய்கிற பெண்தான் ஒருநாள் என் கையைப் பிடித்து ஊசி போட்டாள். ஹீமோகுளோபின் 9.6. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் வெறும் 7.

2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பாதிக்கு மேல். ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுபோவது ஹீமோகுளோபின்தான். அது குறைவாக இருக்கும்போது ஓடப் போனால், ‘எனக்குத் தெம்பில்லை, எனக்கு மனசு உறுதியில்லை’ என்று நம்மையே நொந்துகொண்டு விட்டுவிடுவோம். ஓட நினைக்கிற எந்தப் பெண்ணும் ஷூ வாங்குவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பேன். டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நாலு மாதம் சாப்பிட்டேன். காப்பி, டீயோடு சாப்பிட்டால் இரும்பு சரியாக உள்ளே சேராது. எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மாத்திரையோடு சேர்த்து நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கத் தொடங்கினேன். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்ட மாதத்தில்தான் முதன்முதலாக ஓடிப் பார்த்தேன்.

அப்போது நடந்ததைப் பத்திரிகையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. நூறு மீட்டர் ஓடியதும் சிறுநீர் கசிந்தது. சுடிதார் நனைந்து, பூங்காவின் பெஞ்சில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்து வீடு வந்தேன். எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் உறவில் மூத்த ஒருவரிடம் சொன்னபோது, “ரெண்டு பெத்தவளுக்கு அதெல்லாம் இருக்கும், ஓடாம இரு” என்றார். அவர் தம் வாழ்நாள் முழுக்க அதோடு இருந்திருக்கிறார் என்பது அந்தப் பதிலில் தெரிந்தது.

சின்னவன் சிசேரியன். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்த எனக்கு அடிப்பகுதி ஏன் பலவீனமாக வேண்டும் என்று நினைத்திருந்தேன். பிறகு நான் போய்ப் பார்த்த இயன்முறை மருத்துவர் விளக்கினார். இடுப்பெலும்புக்கு அடியில் ஒரு தொட்டில் மாதிரித் தசைகள் இருக்கின்றன; சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அவைதான் தாங்குகின்றன. பிரசவம் எந்த வழியானாலும், பத்து மாதம் சுமந்த கனம் அந்தத் தசைகளைத் தளர்த்திவிடும். ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு அழுத்தம் இறங்குகிறது. தளர்ந்த தொட்டில் தாங்காது. பயிற்சி எளிமையானதுதான். மல்லாந்து படுத்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே, சிறுநீரை அடக்குவது போல உள்ளே மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். முதலில் ஐந்து விநாடி, பிறகு பத்து. நாளைக்கு மூன்று வேளை. சின்னவனைத் தூங்க வைக்கிற நேரத்தில் பக்கத்தில் படுத்தபடி செய்தேன். மூன்று மாதத்தில் கசிவு நின்றது.

பிரிட்டனைச் சேர்ந்த மூன்று இயன்முறை மருத்துவர்கள் 2019-இல் இதற்காகவே ஒரு வழிகாட்டி எழுதியிருக்கிறார்கள். பிரசவமாகி 12 வாரத்துக்கு முன்னால் ஓடக் கூடாது. அதற்குப் பிறகும், அரை மணி நேரம் நடந்து, ஒற்றைக் காலில் பத்து விநாடி நின்று, ஒற்றைக் காலிலேயே பத்து முறை குதித்துப் பார்க்க வேண்டும். வலியோ, கசிவோ, அடிவயிறு இறங்குவது போன்ற கனமோ இருந்தால் ஓட்டத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை. என் இயன்முறை மருத்துவர் இவற்றைத் தம் அறையிலேயே என்னைச் செய்ய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். பாட்டிமார்கள் சொல்வது போல ஓடினால் தாய்ப்பால் வற்றுவதும் இல்லை. அளவான பயிற்சி பாலின் அளவைக் குறைப்பதில்லை. மார்பில் பால் கட்டிய கனத்தோடு ஓடுவதுதான் வேதனை. பால் கொடுத்துவிட்டு ஓடினால் போதும்.

அக்டோபர் பிறந்ததும் மழைக்காலம். ஜனவரிப் பந்தயத்துக்குத் தயாராகிற சென்னைக்காரர்களுக்கு, அட்டவணையின் கடினமான பகுதி முழுவதும் வடகிழக்குப் பருவமழைக்குள்தான் வருகிறது. லேபில் அது டெங்கு காலம். தட்டணு எண்ணிக்கை பார்க்க வரிசை நிற்கும்; மூன்று மணிக்கு முடிய வேண்டிய வேலை ஐந்து மணி வரை இழுக்கும். அந்த அக்டோபரில் பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலைக் கொண்டுவந்தாள். அவளுக்கு நாலு நாள், பிறகு சின்னவனுக்கு, பிறகு எனக்கு, கடைசியில் அத்தைக்கு. நோட்டில் 13 நாள் தூரக் கட்டம் காலி. தூக்கக் கட்டத்தில் 3, 4, 3 என்று இருக்கிறது.

அந்தப் பதின்மூன்று நாளில் நான் அழுததுண்டு. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு வாரம் ஓடாமல் இருந்தால் உடம்பு இழப்பது நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. விட்டுப்போன தூரத்தையெல்லாம் அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடிச் சரிக்கட்டப் பார்ப்பதுதான் காயத்தில் முடியும். வைரஸ் காய்ச்சலோடு ஓடுவது அதைவிட மோசம், இதயத் தசையில் அழற்சி வரக்கூடும். தூக்கத்துக்கும் ஒரு விதி வைத்துக்கொண்டேன். முந்தைய இரவு ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால், அன்று அதிகாலை அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவேன். ஓட்டத்தில் தேய்ந்த தசையை உடம்பு சரிசெய்வது பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில்தான். பிள்ளை பெற்றவர்களுக்கு எழுதப்படாத அட்டவணைகளில் இந்த வரி இருப்பதில்லை.

டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே பென்சிலால் ‘30’ என்று முன்கூட்டியே எழுதியிருந்தேன். அட்டவணையின் உச்சி அதுதான். அன்றைக்குத்தான் மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. அன்றிரவும் மறுநாள் திங்களும் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் முட்டியளவு தண்ணீர். மின்சாரம் போனது. கீழ் வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் அக்காவும் அவர் கணவரும் மகனும் அரிசி மூட்டையையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு அறையில் எட்டுப் பேர். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அக்கா ஒரே பானையில் கஞ்சி வைத்து எல்லோருக்கும் ஊற்றினார். என் பிள்ளைகளுக்கு அவர் மகன் காகிதத்தில் கப்பல் செய்து கொடுத்தான். அதை மாடிப்படியின் கீழ்ப்படியில் நின்று தண்ணீரில் விட்டார்கள். அந்த வாரம் நோட்டில் தூரம் பூஜ்யம். ஐந்தாவது கட்டத்தில் ‘எல்லாரும்’ என்று எழுதியிருக்கிறேன்.

30 கிலோமீட்டரை இரண்டு வாரம் தள்ளி டிசம்பர் 17-ஆம் தேதி ஓடினேன். மார்கழி பிறந்த நாள். பந்தயத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. அதற்குப் பிந்தி அவ்வளவு நீளம் ஓடக் கூடாது. மூன்றரை மணிக்குப் புறப்பட்டேன், எங்கள் பகுதி ஓட்டக் குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் கூட வந்தார்கள்.

இருட்டில் தனியாக ஓடுகிற பெண்ணுக்கு ஊர் வேறு மாதிரி இருக்கும். எந்தத் தெருவில் விளக்கு எரியாது, எந்த முனையில் நாய்கள் படுத்திருக்கும், எந்தக் கடை வாசலில் ஆட்கள் நிற்பார்கள் என்று எனக்கு மனப்பாடம். நாய் எழுந்தால் நான் ஓட்டத்தை நிறுத்தி நடப்பேன். ஆனால் மார்கழியில் மயிலாப்பூரில் அந்தப் பயம் இல்லை. நாலரை மணிக்கே தெருவெல்லாம் பெண்கள். வாசல் தெளித்து, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு, குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருப்பார்கள். கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும். வருடத்தில் இந்த ஒரு மாதம் இந்நேரத்துத் தெரு எங்களுடையது. நான் எல்லாப் பெண்களிடமும் சொல்வேன், முதன்முதலாக வெளியே ஓட வேண்டுமானால் மார்கழியில் தொடங்குங்கள் என்று.

ஒரு வீட்டு வாசலில் பெரிய கோலம், தெருவில் பாதியை அடைத்திருந்தது. நாங்கள் ஓரமாக ஒதுங்கி நடந்தோம். போட்டுக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார்.

“எங்கம்மா இவ்ளோ வேகமா?”

“ஓட்டம்மா. முப்பது கிலோமீட்டர்.”

“கொழந்தைங்க இருக்கா?”

“ரெண்டு.”

“அதுங்களோட யாரு இருக்கா?”

“அவங்க அப்பா.”

அவர் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்து எங்களுக்கு வழிவிட்டு வைத்தார். “அப்போ ஓடு.”

இந்தக் கேள்வியை அதற்கு முன்னால் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில், “பிள்ளைங்களை விட்டுட்டு அப்படி என்ன ஓட்டம்?” என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டார்கள். எங்கள் ஓட்டக் குழுவில் கைப்பிள்ளை உள்ள ஆண்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாரையும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேள்வி தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைகளோடும் யாரோ இருக்கிறார்கள்தானே. அவர்களையும் கேட்க வேண்டும்.

பெண்ணால் இவ்வளவு தூரம் ஓட முடியும் என்று ஒலிம்பிக் ஒப்புக்கொண்டதே 1984-இல்தான். ஆண்களுக்கு 1896-லிருந்து மராத்தான் இருந்தது. பவுலா ராட்கிளிஃப் 2007 ஜனவரியில் மகளைப் பெற்று, அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மராத்தானை வென்றார். என் மனதில் அவரைவிட நெருக்கமாக நிற்பவர் ஜாஸ்மின் பாரிஸ். 2019 ஜனவரியில் பிரிட்டனில் ‘ஸ்பைன் ரேஸ்’ என்ற 268 மைல் மலைப் பாதைப் பந்தயத்தை, 83 மணி 12 நிமிடத்தில், ஆண்களையும் முந்தி முதலாவதாக முடித்தார். மகளுக்கு அப்போது 14 மாதம். வழியில் இருந்த நிறுத்தங்களில் உட்கார்ந்து, தாய்ப்பாலைப் பம்ப் செய்து எடுத்துவிட்டுத் தொடர்ந்து ஓடினார். வெற்றியைவிட எனக்கு அந்த நிறுத்தங்கள்தான் பெரிது. நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறார்.

பந்தய நாளுக்கு என் வீட்டுக்காரர் விடுப்புப் போட்டார். முந்தைய இரவு தயிர்ச் சாதமும் அவித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டு எட்டு மணிக்குப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அதிகாலை நேப்பியர் பாலத்தில் இருட்டில் நின்றபோது, சுற்றிலும் இளம் பிள்ளைகள், நரைத்தவர்கள், செருப்பில்லாமல் வந்தவர்கள். காமராஜர் சாலையில் உழைப்பாளர் சிலை, கலங்கரை விளக்கம் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பயிற்சியில் நூறு முறை பார்த்தவை. மெதுவாக ஓடினேன்.

அடையாறு பாலத்துக்கு முன்னால் நால்வரும் நின்றிருந்தார்கள். பெரியவள் சாக்பீஸ் கொண்டுவந்திருந்தாள்; நடைபாதையில் ஒரு கோடு போட்டு வைத்து, “தாண்டும்மா” என்றாள். தாண்டினேன். சின்னவன் மாடியில் செய்வது போலவே இரண்டு கையையும் விரித்தான். நான் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் திரும்ப இறக்கியிருக்க மாட்டேன். அவன் அழுத சத்தம் பாலத்தின் நடு வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தோடு ஓடுவதற்கு எந்த அட்டவணையும் பயிற்சி கொடுக்கவில்லை.

33-ஆவது கிலோமீட்டரில் சுவர் வந்தது. தொடை கல்லானது. வெயில் ஏறிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை முடிவில்லாமல் நீண்டது. உருளைக்கிழங்கைத் தின்று, ஓ.ஆர்.எஸ். தண்ணீரைக் குடித்து, ஒரு நிமிடம் நடை, நாலு நிமிடம் ஓட்டம் என்று எண்ணினேன். பிறகு மாடிச் சுற்றாக எண்ணினேன். 41 மீட்டர், 41 மீட்டர். பத்துக்கு ஒரு கோடு. 5 மணி 28 நிமிடத்தில் முடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது சின்னவன் கோபம் மறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அத்தை வெந்நீர் வைத்திருந்தார். பக்கெட்டில் காலை வைத்துக்கொண்டு நோட்டை எடுத்து எழுதினேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். தம் பெயர் வருகிற இடங்களில் விரலை வைத்து நின்றார்.

“இத்தன நாளா இதெல்லாம் எழுதிவச்சிருக்கியா?”

“ஆமா அத்தை.”

கொஞ்ச நேரம் கழித்து, “முட்டி டாக்டரு தினம் நடக்கச் சொன்னாரு. எங்க நடக்குறது, நேரமே இல்லன்னு விட்டுட்டேன்” என்றார். கல்யாணமாகி வந்து 40 வருடத்தில் கடைக்கும் கோயிலுக்கும் தவிர, தமக்காக என்று அவர் தனியே வெளியே போய் நான் கேள்விப்பட்டதில்லை.

என் பழைய ஷூ அவருக்கு அரை அளவு பெரிது. உள்ளே ஒரு அட்டை வைத்துக் கொடுத்தேன். கீழ் வீட்டு அக்காவும் சேர்ந்துகொண்டார். நோட்டில் பந்தயத்துக்கு அடுத்த பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘பிப்ரவரி 12. அத்தை. நாகேஸ்வர ராவ் பூங்கா, 2 சுற்று. 25 நிமிடம். தூக்கம் 7. பிள்ளைகளுடன்: நான்.’